பட்டினிக்கு விழுந்த அறை

ஒரகடத்தில் நான் வேலை பார்த்த, இரும்புத் தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் பிரஸ் ஷாப்பில் அவர் மூத்த ஆபரேட்டர். ஒல்லியான மனிதர், ஒவ்வொரு கவளத்தையும் நிதானமாக மென்று சாப்பிடுவார்.

நூற்று முப்பது கிலோ இருந்த நான், எடை குறைக்க மூன்று நாள் பட்டினி கிடந்து ஷிப்டுக்குப் போனேன். தலைசுற்றி, ஓடிக்கொண்டிருந்த மெஷின் மேல் சாய்ந்தேன். காலரைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளியவர், கன்னத்தில் ஓங்கி அறைந்தார். உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது.

"சாவறதுக்கா வந்த? சாப்ட்டியா இல்லியா?"

"உடம்பக் கொறைக்கலாம்னு மூணு நாளா சாப்பிடலண்ணே."

இரண்டு விரல் இல்லாத கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"நானும் இப்படிப் பட்டினி கெடந்துதான் இத்த மெஷின்ல வுட்டேன். சோத்தப் பாதியாக்கு, காய அள்ளிப் போட்டுக்க, தெனம் நட. மெதுவா கொறையட்டும்டா."

ஒன்றரை வருடத்தில் நாற்பது கிலோ குறைந்தேன். என்னை அறைந்த அன்று, ஷிப்ட் முடியும்வரை அவர் என்னை மெஷின் பக்கமே விடவில்லை. எங்கள் இருவரில் அதிகம் பயந்தவர் அவர்தான்.