நடுவில் சொருகிய கேள்வி

கயல்விழிக்கு எதுவும் வரிசையாக இருக்க வேண்டும். திருப்பாதிரிப்புலியூர் வீட்டு மாடியில் உட்கார்ந்து கம்பெனி வேலை பார்க்கிற அவள், மேசைமேல் கிடக்கும் பேனாவைக்கூட நேராக்கிவிட்டுத்தான் மூச்சு விடுவாள். நல்ல குணம்தான். ஆனால் அதே குணம் எங்கோ இருந்த ஒரு குடும்பத்தைப் பதம் பார்த்துவிட்டது.

குமராட்சிப் பக்கம் இயற்கை நெல் போடும் விவசாயிகள் குழுவுக்கு அவள்தான் பிளாக்செயினில், அதாவது எழுதியதை யாரும் அழிக்க முடியாத கம்ப்யூட்டர் பேரேட்டில், ஸ்மார்ட் கான்ட்ராக்ட் எழுதிக் கொடுத்தாள். பெயர்தான் மிரட்டும், விஷயம் சின்னது. ஒவ்வொரு வயலுக்கும் வரிசையாகச் சில அறைகள். முதல் அறையில் வயல்காரர், அடுத்ததில் விதை, மூன்றாவதில் வெள்ளம் ஏறியதா, நான்காவதில் அறுவடை ஆனதா. அறைகளுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. எந்த அறை எதற்கு என்பது, அவற்றைப் படிக்கிற புரோகிராமுக்கு மட்டும்தான் தெரியும். புரோகிராமை மாற்றலாம். அறைக்குள் இருப்பது அசையாமல் அங்கேயே கிடக்கும். அதனால் புதுக் கேள்வி எதுவானாலும் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும் தெரிந்த சங்கதி இது.

‘பூச்சிமருந்து அடித்தார்களா’ என்றொரு கேள்வியைச் சேர்க்கச் சொன்னார்கள். விதைக்குப் பக்கத்தில் இருந்தால் எடுப்பாக இருக்குமே என்று மகராசி அதை நடுவில் சொருகினாள். புது வயல்களை ஏற்றிச் சோதித்தபோது எல்லாம் சரியாக வந்தது. பழைய வயல்களைப் பார்க்கத் தோன்றவில்லை.

அந்த வருஷம் குழுவில் வெள்ளம் ஏறியது, கொள்ளிடக் கரையோரம் இருந்த சபாபதியின் வயலில் மட்டும். அவருடைய மூன்றாவது அறையில் ‘ஆம்’ என்று இருந்தது. மூன்றாவது அறைதான் இப்போது மருந்துக்கு என்று ஆகிவிட்டதே. சபாபதி மருந்து அடித்தார் என்று குழுவில் எல்லார் போனிலும் காட்டியது. அவர் நெல்லைத் தனியே ஒதுக்கிவிட்டார்கள்.

அறுவடையான வயல்களெல்லாம் வெள்ளம் ஏறியதாகக் காட்டத் தொடங்கியதும் தப்பு பிடிபட்டது. கயல்விழி கேள்வியைக் கடைசிக்குத் தள்ளினாள். வெள்ளம் பழையபடி வெள்ளமாகவே தெரிந்தது. ‘சிஸ்டம் கோளாறு, சரிசெய்யப்பட்டது’ என்று குழுவுக்குச் செய்தி போட்டாள். என்ன கோளாறு, யாருடைய கோளாறு என்று போடவில்லை. சபாபதியின் நெல்லும் மற்றவர்கள் நெல்லோடு விற்றுப் போய்விட்டது, அவளும் அப்பாடா என்று இருந்துவிட்டாள்.

குழுவின் களப்பணியாளர் ராஜ்கமல் வேறு ஏதோ வேலையாகப் போன் செய்தபோதுதான் சொன்னான். “சபாபதி மாமா சம்சாரம் வூட்ல இல்ல மேடம். ஸ்ரீமுஷ்ணத்துல பொறந்த வூட்டுக்குப் போயிட்டாங்க. இவரு கண்ணு ஆபரேஷனுக்கு சிதம்பரத்துல இருந்தப்ப வயல அவுங்கதான் பாத்துக்கினாங்க. நீதான் எனக்குத் தெரியாம மருந்து அடிச்சிட்டன்னு அவுங்ககிட்ட பெரிய சண்ட.”

அந்த ஒற்றை வரிச் செய்தியில் ‘சபாபதி வயலில் மருந்து அடிக்கவில்லை, தப்பு என்னுடையது’ என்று போட்டிருந்தால் அந்த அம்மாள் அன்றைக்கே வீடு திரும்பியிருப்பாள் என்று நினைக்க நினைக்கக் கயல்விழிக்கு வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் போய், மினி பஸ் பிடித்துக் குமராட்சியில் இறங்கினாள். சபாபதியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டினார். “என்னாண்ட சொல்லி இன்னாம்மா ஆவும்? அவகிட்ட வந்து சொல்லு,” என்றார். ஸ்ரீமுஷ்ணம் வரைக்கும் பஸ்ஸில் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அவர் மனைவி அமிர்தம் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கணவரைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

“தப்பு என்னோடதுதாம்மா,” என்று கயல்விழி நின்றபடியே சொல்லி முடித்தாள். “ஐயா மேல கோவப்படாதீங்க. கம்ப்யூட்டர் அப்பிடிக் காட்டிடுச்சு.”

அமிர்தம் முறத்தைக் கீழே வைத்தாள்.

“நீ தப்பு பண்ண, வந்து சொல்லிட்ட. அது போவட்டும் பாப்பா. நான் அடிக்கல, பூவராகசாமி கோயில்ல சூடத்த அணைச்சு சத்தியம் பண்றேன்னு சொன்னன். இவரு இன்னா சொன்னாரு தெரியுமா? ‘கூட்டத்துல அந்தப் பொண்ணு மைக்குல சொல்லிச்சு, மனுஷன் பொய் சொல்லுவான், இந்தக் கம்ப்யூட்டரு சொல்லாதுன்னு’. அதக் கேட்டுட்டுத்தான் பொட்டிய எடுத்தன்.” அமிர்தம் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். “எந்தப் பொண்ணு அது, உன் கூட வேல செய்யிறதா?”

கயல்விழி சபாபதியைப் பார்த்தாள். அவர் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நான்தாம்மா,” என்றாள்.