ஜெபா ஓகே போட்ட கடல்

சிப்காட் தொழிற்பேட்டையில் இருக்கும் அந்த அச்சகத்தில் ஜெபாவின் கண்ணுக்குத் தனி மரியாதை. பதினான்கு வருடமாகத் தாள் பார்க்கிற வேலை. அச்சாகி விழும் தாள்களில் ஒன்றை உருவி, விளக்கடியில் மாதிரித் தாளோடு வைத்துப் பார்ப்பாள். நீலம் ஒரு நூல் தள்ளி விழுந்திருந்தாலும் போதும், "நிறுத்துண்ணா" என்பாள். மெஷின் ஓட்டும் கோபால் முணுமுணுத்துக்கொண்டே நிறுத்துவார். அவள் ஓகே போடாமல் ஒரு கட்டு வெளியே போகாது. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. கடையில் பிஸ்கட் வாங்கினால்கூட உறையைத் திருப்பிப் பார்த்து, "சேப்பு தூக்கலா கீதே" என்று கடைக்காரரை முழிக்க வைப்பாள்.

போன வருடம் விசாகப்பட்டினத்துக் கல்லூரி ஒன்றின் விளம்பரப் புத்தகம் அங்கே அச்சானது. அட்டையில் நீலக் கடல், பின்னால் மலை, அலைக்குப் பத்தடி தள்ளி வெள்ளைக் கட்டிடம். மிஞ்சிய தாள்களைப் பிள்ளைகளின் புத்தகத்துக்கு அட்டை போட எடுத்துப் போவது அங்கே வழக்கம். ஜெபாவும் நாலு தாள் கொண்டுவந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு முழுக்க மகள் ஏஞ்சலின் இயற்பியல் புத்தகத்தின் மேல் அந்தக் கடல்தான் கிடந்தது.

அவர்கள் தெருவில் துணி காயப்போட்டால் சாயங்காலத்துக்குள் கறுப்புப் பொடி படிந்துவிடும். இரும்பாலைப் புகை அப்படி. அங்கே வளரும் பெண்ணின் கண்ணெதிரே ஒரு வருடம் கடலைப் போட்டு வைத்தால் வேறென்ன ஆகும்? ரிசல்ட் வந்த அன்றே சொல்லிவிட்டாள்.

"மா, நான் வைசாக்லதான் படிப்பேன். ஆஸ்டல் ஜன்னலத் தொறந்தா கடலு."

அப்பா ஸ்டீவன் சிரித்தார். "கடலு பாக்கணும்னா பழவேற்காடு கீது. அதுக்கு இன்னாத்துக்கு ஆந்திரா?"

"அங்க கடல் எதிர்ல காலேஜ் கீதாப்பா?"

ஸ்டீவனுக்கு மனம் ஒப்பவில்லை. திருவள்ளூர்ப் பக்கம் நல்ல கல்லூரி ஒன்றில் ஏஞ்சலுக்கு இடம் கிடைத்திருந்தது. வாராவாரம் வீட்டுக்கு வந்து போகலாம். "எதுக்கும் ஒருதபா நேர்ல போய்ப் பாத்துக்கினு வந்து முடிவு பண்லாம்" என்றார்.

அப்போதுதான் ஜெபா வாயைத் திறந்தாள். "இன்னாத்துக்குப் போய்ப் பாக்கணும்? இருவதாயிரம் தாளு, நான் பாத்து ஓகே போட்டது. அதுல தப்பு வருமா?"

அத்தோடு பேச்சு முடிந்தது. திருவள்ளூர் இடம் வேண்டாம் என்று ஏஞ்சல் எழுதிக் கொடுத்தாள்.

கல்லூரியில் சேரத் தாயும் மகளும் மட்டும் கிளம்பினார்கள். விசாகப்பட்டினத்தில் இறங்கியதும் முதல் வேலையாகக் கடற்கரைக்குத்தான் போனார்கள். குறை சொல்ல முடியாத கடல். மலை நேராக இறங்கிவந்து தண்ணீரில் கால் வைத்திருந்தது. ஏஞ்சல் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அலையில் நின்று கத்தினாள், சிரித்தாள். பிறகு ஆட்டோக்காரரிடம் கல்லூரி விலாசத்தைக் காட்டினாள். அவர் உதட்டைப் பிதுக்கி, எதிர்த்திசையில் பஸ் நிலையத்தைக் காட்டினார்.

பஸ் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் ஓடியது. தகரக் கூரைகள், புகைபோக்கிகள், மைல் கணக்கில் லாரிகள். இறங்கியதும் காய்ச்சிய இரும்பின் வாடை மூக்கில் ஏறியது. தங்கள் ஊருக்குப் பக்கத்து எளாவூர் செக்போஸ்ட்டில் இறங்கியது போலத்தான் இருந்தது. எதிரே அந்த வெள்ளைக் கட்டிடம், படத்தில் பார்த்தபடியே. கடல் மட்டும் இல்லை.

"அது சிட்டி பீச்சம்மா. போட்டோல சேர்த்தது" என்றாள் வரவேற்பில் இருந்த பெண், தெரிந்த தமிழில், ஒன்றும் நடக்காதது போல. "சண்டே போலாம், பஸ் இருக்கு."

ஜெபா மேஜையிலிருந்த விளம்பரப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள். கட்டிடத்துக்கு வெயில் இடப்பக்கம், மலைக்கு வலப்பக்கம். ஒட்டுப்போட்ட படம் என்று சின்னப்பிள்ளைகூடச் சொல்லிவிடும். இருபதாயிரம் தாளிலும் அவள் நீலத்தைப் பார்த்தாள், மஞ்சளைப் பார்த்தாள், படத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான். அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஏஞ்சல் வெளியே போய்த் திருவள்ளூர்க் கல்லூரிக்கு போன் செய்தாள். அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்து நான்கு நாளாகிறது என்றார்கள். குழாயடியில் முகம் கழுவிவிட்டு வந்து, படிவத்தை வாங்கி, நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். அவள் கத்தியிருந்தால் ஜெபாவுக்குத் தேவலாம் போலிருந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்து ஸ்டீவன் கூப்பிட்டார். வாசலில் லாரிகளின் இரைச்சலுக்கு நடுவே ஏஞ்சல் எடுத்தாள்.

"சேந்தாச்சுப்பா. கடலா? எதிர்லயேதான் கீது. இன்னா சத்தமா? காத்துப்பா, செம காத்து."

அப்பனிடம் ஒரு பொய் சொல்லத் தெரியாத பெண் அவள். போன் கைமாறியது.

"இன்னா ஜெபா, நான்தான் ஒன்ன நம்பாம லொட்டு லொசுக்குன்னு பேசிட்டேன். மனசுல வெச்சிக்காத" என்றார் ஸ்டீவன்.

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். எதிரே ஏஞ்சல், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"இல்லய்யா" என்றாள் ஜெபா, "ஒண்ணும் வெச்சிக்கல."