முப்பத்தெட்டு நொடி மாமியார்

பல் மருத்துவமனையில் வரிசை எண் கொடுக்கும் வேலை என்பதால் அவளுக்கு டோக்கன் அக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயது. பதினாறு வருடமாக அதே மேசை. பல் பிடுங்க வந்து நடுங்குகிறவர்களிடம், "வலிக்காதுங்க. எனக்கே ரெண்டு பிடுங்கியிருக்காங்க, இப்போ எப்படிச் சிரிக்கிறேன் பாருங்க" என்று வாயைத் திறந்து காட்டுவாள். அவள் பேச்சில் பாதி வலி போய்விடும் என்பார்கள்.

அவளுடைய அக்கா மகன் செல்போன் பழுது பார்க்கிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு குடும்பத் தொடர் எடுத்து இணையத்தில் போட்டுக்கொண்டிருந்தான். காமிரா என்று தனியாக ஒன்றும் கிடையாது. அவன் போனும், துணிக்கொடியில் கட்டிய ஒரு விளக்கும்தான்.

"சித்தி, கொடுமைக்கார மாமியார் ஒருத்தி வேணும். உன் குரல் ஒண்ணே போதும்."

"போடா, எனக்குக் கோபமே வராது."

"அதனாலதான் நடிக்கச் சொல்றேன்."

மாடிவீட்டு அழகுநிலையப் பெண் மருமகளாக நடித்தாள். படப்பிடிப்பு டோக்கன் அக்காவின் சமையலறையிலேயே நடந்தது. எட்டாவது பகுதியில் மருமகள் நீட்டும் தட்டைப் பிடுங்கித் தரையில் வீச வேண்டும். ஏழு முறை எடுத்தும் சிரிப்பு வந்து கெடுத்தது. எட்டாவது முறை தட்டு சுவரில் பட்டு உருண்டது. "என் வீட்டுல மூச்சு விடணும்னாலும் என்னைக் கேட்டுட்டுத்தான் விடணும்!" என்று அவள் போட்ட சத்தத்தில் அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. அன்று முழுக்கத் தலைகால் புரியவில்லை.

யாரோ முகம் தெரியாத ஆள் அதில் முப்பத்தெட்டு நொடியை மட்டும் வெட்டி எடுத்தான். அந்தத் துண்டில் மருமகளாக நடித்தவளின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. தொடரின் பெயரை நறுக்கிவிட்டு, மேலே எழுதினான்: 'பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாக ரகசியமாக எடுத்தது. இந்த அரக்கி பிடிபடும்வரை எல்லோருக்கும் அனுப்புங்கள்.'

புதன்கிழமை காலை ஒரு பெண் டோக்கனை வாங்காமல் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "நீங்கதானே அது?" என்றாள். பதினொரு மணிக்குள் மருத்துவமனைத் தொலைபேசி ஓயாமல் அடித்தது. மருத்துவர் உள்ளே கூப்பிட்டார்.

"அக்கா, நடிப்புன்னு எனக்குத் தெரியும். வெளியில உக்காந்திருக்கிற ஒவ்வொருத்தர்கிட்டயும் போய் நான் சொல்லிட்டிருக்க முடியுமா? ஒரு வாரம் வீட்டுல இருங்களேன்."

முகக்கவசம் ஒன்றைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு பேருந்தில் ஏறினாள். இரண்டு நிறுத்தம்கூடத் தாண்டவில்லை, முன் இருக்கையிலிருந்து தட்டு உருளும் சத்தம் கேட்டது. அடுத்து அவள் குரல். அங்கே போனைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் பக்கத்து ஆளிடம் காட்டினாள். "இவ மட்டும் என் கையில கிடைச்சா..." என்று அவர் பல்லைக் கடித்தார். டோக்கன் அக்கா கம்பியைப் பிடித்திருந்த கையை மெதுவாக எடுத்தாள். கையில் போட்டிருந்த பச்சை வளையல் படத்திலும் இருந்தது. தன் நிறுத்தம் வருவதற்கு முன்பே இறங்கி நடந்தாள்.

வீட்டு வாசலில் சம்பந்தி நின்றுகொண்டிருந்தார், அவளுடைய நிஜ மருமகளின் அப்பா. பள்ளிக்கூட வண்டி ஓட்டுகிறவர். வேலையைப் போட்டுவிட்டு மூன்று மணி நேரம் பயணம் செய்து வந்திருந்தார்.

"உள்ள வாங்க சம்பந்தி, உக்காருங்க."

"உக்கார வரலைங்க. எம் பொண்ணு எங்க?"

"வேலைக்குப் போயிருக்கா."

"போன் ஏன் எடுக்கல?"

டோக்கன் அக்காவும் அடித்துப் பார்த்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மருமகளுக்கு ஐந்து மாதம். மகன் வேலைக்காகக் கடல் கடந்து போயிருந்தான். வீட்டில் இருப்பது இவர்கள் இரண்டு பேர் மட்டுமே. சம்பந்தி ஒவ்வோர் அறையாக எட்டிப் பார்த்தார், குளியலறையைக்கூட விடவில்லை. சமையலறைச் சுவரில் தட்டு பட்ட தடத்தை விரலால் தடவினார்.

அக்கா மகனை அவசரமாக வரச் சொன்னாள். அவன் வெட்டாத படங்களைத் திறந்து காட்டினான். ஏழு தடவையும் அவள் சிரித்தாள். மாடிவீட்டுப் பெண்ணும் சிரித்தாள். கடைசியில், "கால் மேல பட்டுடுச்சாம்மா?" என்று டோக்கன் அக்கா குனிந்து பார்ப்பதும் அதில் இருந்தது. சம்பந்தி முழுக்கப் பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"இதுவும் நடிப்பா இருக்கலாமே?"



ஆறரை மணிக்கு மருமகள் வந்தாள். "அப்பா! நீங்க எப்படி இங்க?" காலையிலிருந்து, உன்னை அடிக்கிறார்களா என்று கேட்டே முப்பது பேர் கூப்பிட்டதால் போனை அணைத்துவிட்டாளாம். அவர் அவள் கைகளை முழங்கை வரை திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பயந்துகிட்டு எதையும் மறைக்கலியே?"

"பயமா? எனக்கு வாந்தின்னா அத்தைதான் வாளியோட ஓடி வர்றாங்க. நாடகம்பா அது!"

அவர் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தியம்மா" என்றார். ஆனாலும் மகளை இரண்டு நாளைக்கு அழைத்துக்கொண்டுதான் போனார். ஊரில் எல்லோரும் கேட்கிறார்களாம், நேரில் காட்ட வேண்டுமாம். டோக்கன் அக்கா மருமகளின் மாத்திரைகளை எடுத்துப் பையில் வைத்தாள்.

அக்கா மகன் விளக்கம் சொல்லி ஒரு காணொளி போட்டான். அதைப் பார்த்தவர்கள் நானூறு பேர். முப்பத்தெட்டு நொடியைப் பார்த்தவர்கள் இருபது லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள்.

"சித்தி, கோபப்படாத. தொடருக்கும் புதுசா நிறைய பேர் வந்திருக்காங்க. அடுத்த பகுதி எப்போன்னு கேக்குறாங்க."

"இனிமே நான் தட்டைத் தொட மாட்டேன்டா" என்றாள். பிறகு மெல்லக் கேட்டாள், "நடிப்பு நல்லா இருக்குன்னு எவனாவது எழுதியிருக்கானா?"

ஒருவரும் எழுதவில்லை.

மருமகள் சொன்னபடி மூன்றாம் நாள் திரும்பினாள். மருத்துவமனையும் கூப்பிட்டது. ஆனால் வாசல் மேசையில் வேறொருத்தி. இவளுக்கு, உள்ளே பழைய கோப்புகள் அடுக்கிய அறை. அங்கே பல்வலிக்காரர்கள் யாரும் வருவதில்லை. பச்சை வளையலைக் கழற்றி வைத்தாகிவிட்டது. பேருந்தில் முகக்கவசம் இன்னும் உண்டு.

அந்தப் படம் சில வாரம் அடங்கிக் கிடக்கும், பிறகு வேறெங்கோ முளைக்கும். போன மாதம் வந்ததில் அவள் குரலையே எடுத்துவிட்டு, புரியாத ஏதோ மொழியில் வேறு யாரோ கத்தினார்கள். மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"என்ன சொல்றாங்களாம் அத்தை?"

"தெரியலம்மா" என்றாள் டோக்கன் அக்கா. "ஆனா வாய் என்னோடது."