வேஸ்ட் ஷீட்டில் வந்த நீர்நாய்

ஜெயச்சந்திரன் பேரை எடுத்தாலே எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. அவனைப் பற்றிப் பேசாமல் அய்யாதுரை அண்ணனைப் பற்றிச் சொல்ல முடியாது என்பதால்தான் பேசுகிறேன்.

சிவகாசியில் நாங்கள் மூன்று பேருக்கும் ஒரே அச்சகத்தில் வேலை. எனக்கு, மற்றப் பெண்களோடு, பைண்டிங். அண்ணனுக்கு கட்டிங் மிஷின். ஜெயச்சந்திரன் ஆப்செட் மிஷின் ஓட்டுகிறவன். அண்ணனும் அவனும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் வளர்ந்தவர்கள். ஒருத்தரை ஒருத்தர் மாப்ளே என்றுதான் கூப்பிடுவார்கள். ஒருத்தர் டீ குடித்தால் இன்னொருத்தருக்கும் சேர்த்துத்தான் சொல்வார்.

அண்ணனுக்குக் குடி இல்லை, சீட்டு இல்லை. ஒரே ஒரு கிறுக்கு, விலங்குப் புத்தகம். கரடி, ஓநாய், அழுங்கு, முதலை என்று எது அச்சுக்கு வந்தாலும் மனுஷன் வெட்டுகிற வேலையை மறந்து படிக்க ஆரம்பித்துவிடுவார். சூப்பர்வைசர் கத்துவார். அண்ணன் சிரித்துக்கொண்டே மிஷினை ஓட்டுவார், கண் மட்டும் தாளிலேயே இருக்கும். விரல் பத்திரம் என்று நான்தான் சத்தம் போடுவேன்.

விலை கொடுத்து வாங்கிய புத்தகம் அவரிடம் ஒன்றுகூடக் கிடையாது. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புது ஆர்டர் மிஷினில் ஏறும்போது, கலர் சரியாக வந்து உட்காரும்வரை ஓடுகிற தாளெல்லாம் கழிவு. வேஸ்ட் ஷீட் என்போம். பிள்ளைகளின் நோட்டுக்கு அட்டை போட அதில் நாலைந்தை எடுத்துப் போனால் பெரிய முதலாளி காலத்தில் யாரும் கேட்டதில்லை. விலங்குப் புத்தகம் ஓடுகிற அன்றைக்கு ஜெயச்சந்திரன், பதினாறு பக்கம் சேர்ந்து அச்சாகும் ஒவ்வொரு பாரத்திலும் ஒரு தாளை ஒதுக்கிவைத்து, "மாப்ளே, இன்னைக்கு உனக்கு கரடி வந்திருக்கு" என்பான். அண்ணன் அதை வீட்டில் மடித்து, ஊசி நூல் போட்டுத் தைத்துப் புத்தகமாக்கிவிடுவார்.

கழிவுத் தாளில் வந்த விலங்குகள் எப்படி இருக்கும்? மஞ்சள் ஏறாத புலி ரோஜா நிறத்தில் நிற்கும். கிளி நீலமாக இருக்கும். ஒரு யானைக்கு நிழல் தனியே விலகிப்போய் இரண்டு தும்பிக்கை. ஜெயச்சந்திரன் மகள் ஐஸ்வர்யா எழுத்துக்கூட்டிப் படித்ததே அண்ணன் வீட்டில்தான். பள்ளிக்கூடத்தில் புலிக்கு ரோஜா கலர் அடித்துவிட்டு வந்து அழுதாள். அண்ணன் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்டது.

இப்படித் தைத்ததையெல்லாம் அடுக்கிய அண்ணன் வீட்டு அலமாரியில் ஒரு புத்தகம் மட்டும் அவர் பெண்டாட்டி குருவம்மாள் மதினிக்குச் சொந்தம். ஒரு கிழட்டு நீர்நாயைப் பற்றியது. கண் தெரியாமல் போன அந்த நீர்நாய், தண்ணீரின் அசைவை மீசையால் தொட்டே மீன் பிடித்து ஆற்றோடு போகும். எங்கள் கரிசக்காட்டில் நீர்நாயை யார் கண்டார்? மதினி ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவள். சாயங்காலம் வேனில் வந்து இறங்கி, நகக்கண்ணில் அப்பிய வெள்ளிப் பொடியைத் தேய்த்துக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருவாள். அண்ணன் எதிரே உட்கார்ந்து வாசிப்பார். மதினிக்குப் படிக்கத் தெரியாது.

போன வருஷம் பக்கத்துக் கம்பெனியில் வெடித்தது. மதினியோடு வேனில் போய்வந்த இரண்டு பெண்கள் போய்விட்டார்கள். மதினிக்குச் சோறு இறங்கவில்லை. பாத்திரம் விழுந்தால்கூட உடம்பு தூக்கிப்போடும். அப்போதெல்லாம் அண்ணன் அந்த நீர்நாயைத்தான் எடுத்தார். திரும்பத் திரும்ப அதே கதை. மதினி கேட்டுக்கேட்டுத்தான் மறுபடி வேலைக்குப் போனாள். இதை அவளே என்னிடம் சொன்னாள். அந்தப் புத்தகம் அவளுக்கு எம்புட்டு முக்கியம் என்பது ஜெயச்சந்திரனுக்கும் தெரியும். நன்றாகவே தெரியும்.

இளைய முதலாளி ராஜபாண்டியன் பொறுப்புக்கு வந்ததும், வேஸ்ட் எல்லாம் எடைக்குத்தான் போகவேண்டும், ஒரு தாளும் வெளியே போகக்கூடாது என்று மிஷின்காரர்களிடம் சொல்லிவிட்டார். காதில் விழுந்ததும் அண்ணன் போய் ஜெயச்சந்திரனிடம்தான் கேட்டார். முதலாளியிடம் பேசிவிட்டேன், உனக்கு மட்டும் விலக்கு என்றான் அந்தப் படுபாவி. அண்ணன் நம்பினார். மறுபடியும் தாள்கள் வந்தன.

பிறகு சென்னைப் பதிப்பாளர் ஒருவரின் விலங்கு வரிசை அச்சாகி முடிந்தது. புத்தகம் கடைக்குப் போகும் முன்பே மதுரையில் நடைபாதையில் பாதி விலைக்குக் கிடைத்தது. அச்சு அசலாக அதே புத்தகம். பதிப்பாளர் ஆள் அனுப்பினார், அச்சகமே கொதித்தது. நல்ல தாளைக் கூடுதலாக ஓட்டி வெளியே தள்ளியது ஜெயச்சந்திரன்தான். லோடு ஏற்றிப் போன வேன்காரன் வாயாலேயே இது எங்களுக்குப் பின்னால் தெரிந்தது. அன்றைக்கு யாருக்கும் தெரியாது. விசாரணை தன் மிஷினுக்கு வருகிறது என்றதும் அவன் முதலாளி காதில் போட்டது ஒரே ஒரு பேச்சு. அய்யாதுரை வீட்டு அலமாரியைப் போய்ப் பாருங்கள், பூராவும் விலங்குப் புத்தகம்தான் என்று.

அண்ணன் வீட்டுக்கு அச்சக வேன் வந்தது. தெருவே பார்க்க, அலமாரியைக் காலி செய்து சாக்கில் கட்டிக்கொண்டு போனார்கள். மதினி வாசலில் நின்று, அந்த ஒன்றையாவது விட்டுவிட்டுப் போங்கள் என்று கெஞ்சினாள். நீர்நாயும் சாக்குக்குள் போனது.

ஆபீஸ் மேசையில் எல்லாவற்றையும் கொட்டினார்கள். இதெல்லாம் வேஸ்ட் என்று அண்ணன் சொன்னார். முதலாளி ரோஜாப் புலியைப் புரட்டிப் பார்த்தார். நடைபாதைக்குப் போனது இந்தச் சரக்கு இல்லை என்பது அவருக்கும் புரிந்தது. கெட்டவர் இல்லை. வேஸ்ட் வெளியே போனது எப்படி என்று மட்டும் கேட்டார். அண்ணன் நிம்மதியாக ஜெயச்சந்திரனைத் திரும்பிப் பார்த்தார். ஒரு வார்த்தை, ஆமாம் நான்தான் கொடுத்தேன் என்று ஒரே ஒரு வார்த்தை போதும்.

"நான் ஒரு ஷீட்டுகூட இவனுக்குக் குடுத்ததில்ல மொதலாளி" என்றான் ஜெயச்சந்திரன்.

நான் வாயைத் திறந்தேன். இத்தனை வருஷமாக இவன் கொடுத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன் என்றேன். பைண்டிங்கில் இருப்பவளுக்கு மிஷின் பக்கத்துச் சங்கதி என்ன தெரியும் என்று சூப்பர்வைசர் என்னை வெளியே போகச் சொன்னார். அண்ணன் சந்தையில் பிள்ளையைத் தொலைத்தவர் மாதிரி நின்றார்.

சீசன் நேரம். கட்டிங்குக்கு வேறு ஆள் கிடையாது. அதனால் வேலை தப்பியது. பதிப்பாளரின் ஆள் மட்டும், அத்தனையும் தன் கண் முன்னால் துண்டாக வேண்டும் என்று நின்றான். வெட்டவேண்டியது யார்? அண்ணன்தான். சாக்கிலிருந்து எடுத்துக் கொடுக்க ஜெயச்சந்திரனையே நிறுத்தினார்கள். கரடி, ஓநாய், நீலக்கிளி எல்லாவற்றின் மேலும் பிளேடு இறங்கியது. அண்ணன் ஒவ்வொன்றாக வாங்கி வைத்து வெட்டினார். எனக்குத்தான் பார்க்கச் சகிக்காமல் அழுகை வந்தது.

அன்று சாயங்காலம் நான் மதினிக்குத் துணையாக அவர்கள் வீட்டில் இருந்தேன். ஜெயச்சந்திரன் வந்தான். வாசலிலேயே நின்று, சட்டைக்குள்ளிருந்து நீர்நாய்ப் புத்தகத்தை எடுத்தான். சாக்கிலிருந்து இதை மட்டும் எடுத்து ஒளித்துவிட்டானாம். மதினி எழுந்தேவிட்டாள். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

அண்ணன் புத்தகத்தை வாங்கினார். பிரித்தார். ஒவ்வொரு பக்கமாகத் தடவிப் பார்த்தார். பிறகு பெண்டாட்டியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். மதினி மெல்லத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

அண்ணன் புத்தகத்தை மூடி அவன் கையிலேயே திருப்பி வைத்தார்.

"எனக்கு நீ ஒரு ஷீட்டுகூடக் குடுத்ததில்லைன்னு மொதலாளிட்ட சொன்னேல்ல ஜெயச்சந்திரா. அது அப்படியே இருக்கட்டும்."

மாப்ளே என்று இல்லாமல் அவனை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அவனும் கேட்டான். புத்தகத்தை நீட்டியபடியே நின்றான். உள்ளே மதினி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அண்ணன் கதவைச் சாத்தினார்.