உழைக்கிற பெட்டி

எங்கள் வீட்டுக் கராஜ் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி பொருத்திப் பூட்டியிருக்கிறது. பற்றரி. கரண்ட் மலிவான நேரத்தில் அது தன்பாட்டில் நிரம்பும். வெயில் கொளுத்தி, எல்லா வீட்டிலும் ஏசி ஓடுகிற பின்னேரங்களில் மின்சாரக் கொம்பனிக்காரர் தங்கள் இடத்தில் இருந்துகொண்டே அதிலிருந்து கரண்டை இழுப்பார்கள். இப்படிப் பல வீட்டுப் பற்றரிகளைச் சேர்த்தால் ஒரு மின்சார நிலையம் போல ஆகிவிடுமாம். இழுத்ததற்குக் காசு தருவார்கள். மகன் எனக்கு இப்படித்தான் விளங்கப்படுத்தினான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எனக்குப் பிடிபட்டதும் இவ்வளவுதான்.

மகன் அதை வாங்க நினைத்தது காசுக்காக அல்ல, தகப்பனுடைய மூச்சுக்காக. என் கணவருக்குச் சுவாசப்பை இறுகிக்கொண்டு போகிற வருத்தம். மூக்கில் குழாய், கட்டிலடியில் இரவு பகலாக இரைந்துகொண்டு ஒரு ஒட்சிசன் மெஷின். கரண்ட் நின்றால் மெஷினும் நின்றுவிடும். அந்த நேரத்துக்கென்று ஒரு கைச்சிலிண்டர் இருந்தது. ஆனாலும் லைற் ஒருமுறை மினுங்கினாலே நான் கட்டிலடிக்கு ஓடுவேன். பற்றரி இருந்தால் றோட்டில் கரண்ட் நின்றாலும் வீட்டில் நிற்காதாம்.

கொம்பனி காசு தரும் என்று கேள்விப்பட்டதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வேலையை விட்ட நாளிலிருந்து, மகனுடைய சோற்றைத் தின்கிறோம் என்ற எண்ணம் அவருக்குள் கிடந்தது. வாய் திறந்து சொல்லமாட்டார். அப்போது பேத்திக்கு யூனியன்வில் பக்கம் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம்.

"வாறது முழுக்கப் பிள்ளையின்ர கலியாணத்துக்கு" என்றார். "என்ர பங்கு."

"உங்கட பங்கோ, பெட்டியின்ர பங்கோ?" என்று மருமகள் பகிடியாகக் கேட்டாள்.

"நான் மூச்சு வாங்கிறன், அது உழைக்குது. ரெண்டு பேரும் ஒரு குடும்பம்தானே பிள்ளை."

பற்றரி பூட்ட வருகிறவர் எங்கள் ஆள் என்று மகன் சொல்லியிருந்தான். வருவதற்கு முதல் நாள் அந்தத் தம்பி நேரம் கேட்கப் போன் எடுத்தார். எங்கள் சனத்தின் பழக்கப்படி மருமகள் முதலில் கேட்டது, "தம்பி ஊரில எவடம்?" என்பதைத்தான். அவர் சொன்ன ஊர் மாப்பிள்ளை வீட்டாரின் ஊர். இன்னும் இரண்டு கேள்வி கேட்டதில் அவர் மாப்பிள்ளைக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறை என்று தெரிந்துவிட்டது. போனை வைத்த மருமகளின் முகம் வெளிறியிருந்தது.

சம்பந்தம் பேசும்போது வீட்டு வருத்தத்தை வாசலுக்கு வெளியே விடக்கூடாது. எங்கள் ஆட்களுக்கு இதை ஒருவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. மூச்சு வருத்தம் என்றால் பரம்பரையோ என்று கேட்பார்கள். பிள்ளைக்கும் வருமோ என்று பார்ப்பார்கள்.

"மாமா, நான் சொல்லுறன் எண்டு குறை நினையாதேங்கோ..." என்று மருமகள் தொடங்க முதலே அவர் கையை உயர்த்தினார்.

"மெஷினை மேல் பாத்றூமுக்குள்ள வையுங்கோ. நான் கீழ இருக்கிறன்."

அடுத்த நாள் அவர் கைநீட்டுச் சேர்ட்டுப் போட்டு, கழுத்துப் பொத்தான்வரை பூட்டிக்கொண்டு சோபாவில் இருந்தார். குழாய் அழுத்திய தழும்பு இரண்டு கன்னத்திலும் தெரிந்தது. நான் பவுடர் பூசி மறைத்தேன். கலியாணம் கட்டிய இத்தனை வருசத்தில் அவர் முகத்தில் நான் பவுடர் பூசியது அன்றைக்குத்தான். "மாப்பிள்ளை மாதிரி இருக்கிறனோ?" என்று மெல்லக் கேட்டார். வெட்கத்தில் நான் பவுடர் மூடியைத் தேடினேன்.

தம்பி நல்ல பிள்ளை. கராஜில் வேலை செய்துகொண்டே வந்து வந்து கதைத்தார். இவர் கொஞ்ச நேரம் கதைப்பார், பிறகு பாத்றூம் என்று மேலே ஏறுவார். நான் பின்னால் போய்க் குழாயை எடுத்து மூக்கில் வைப்பேன். கரண்டை நிறுத்தி வேலை செய்த நேரம் முழுக்க, கதவைச் சாத்திக்கொண்டு அங்கே கைச்சிலிண்டரோடு இருந்தார்.

"அங்கிளுக்குச் சீனியோ? அடிக்கடி மேல ஓடுறார்" என்று தம்பி கேட்டார்.

"ஓம் தம்பி, சீனி இல்லாத ஆளும் உலகத்தில இருக்கோ?" என்றார் இவர், படியில் இறங்கிக்கொண்டே. எல்லாரும் சிரித்தார்கள். சீனி வருத்தத்தை மறைக்க வேண்டியதில்லை.

வேலை முடிந்ததும் தம்பி போனைத் தட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "ஒரு கேள்வி அங்கிள், எல்லாரிட்டயும் கேக்கிறதுதான். வீட்டில ஆருக்கும் கரண்டில ஓடுற மெஷின் ஏதும் இருக்கோ? ஒட்சிசன், கிட்னி, அப்பிடி?"

நான் தேத்தண்ணித் தட்டோடு நின்றேன். மருமகள் நிலத்தைப் பார்த்தாள்.

"ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லை. நான் இண்டைக்கும் பார்க்கைச் சுத்தி நடக்கிற ஆள்." ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டார். அடுத்த மூச்சு இழுக்கிற சத்தம் கேட்கக்கூடாதே.

"அப்ப பற்றரியின்ர அடியில வீட்டுக்கெண்டு இருபது வீதம் மிச்சம் விட்டால் காணும். மற்றதெல்லாத்தையும் அவங்கள் இழுக்கலாம். காசும் கூட வரும்."

அன்றிரவு வேலையால் வந்த மகனுக்கு அந்த இருபது பிடிக்கவில்லை. தம்பியைக் கேட்டுக் கூட்டுவோம் என்றான். "ஏன் கூட்டுறியள் எண்டு அவன் கேட்டால் என்ன சொல்லுவாய்?" என்றார் இவர். "கலியாணம் முடியட்டும்." மாப்பிள்ளை வீட்டார் எந்த நேரமும் வரலாம் என்று மெஷின் மேல் அறையோடு நின்றது, கைச்சிலிண்டர் மகனுடைய காரின் பின் பெட்டிக்குள் போனது. பற்றரி இருக்கிறதுதானே என்று எல்லாரும் நினைத்தோம்.

அந்தக் கோடையில் அவர் ஒரு சின்னப் பிள்ளையைப் போல இருந்தார். வெயில் ஏறினால் அவருக்குச் சந்தோசம். கொம்பனி இழுக்கத் தொடங்கினால் போனில் மணி அடிக்கும். "இஞ்சேரும், பெட்டி வேலைக்குப் போகுது" என்று எனக்குச் சொல்லுவார்.

அன்றைக்கும் மணி அடித்தது. வீட்டில் நாங்கள் இரண்டு பேரும்தான். மகன் தூரத்தில், பிறம்ரனில் ஒரு வேர்ஹவுஸில், மருமகளும் பேத்தியும் வேலையில். நான் கரண்ட் அடுப்பில் மீன்குழம்பு வைத்திருந்தேன். மேலே வந்து பார்த்தபோது, "இண்டைக்கு நல்லா இழுக்கிறாங்கள்" என்று போனைக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் வானம் கறுத்துக் காற்றுச் சுழன்றது. எங்கேயோ மரம் முறிந்து விழுகிற சத்தம் கேட்டது. எதிர்ப்பக்கத்து வீடுகள் ஒரேயடியாக இருண்டன. எங்கள் வீட்டில் ஒரு லைற்கூட மினுங்கவில்லை.

"பாரும்! றோட்டு முழுக்க இருட்டு, எங்கட வீடு மட்டும் திருவிழா!" என்றார். நானும் யன்னலடியில் நின்று பார்த்தேன். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஏசி ஓடியது. குழம்பு கொதித்தது. அதெல்லாம் மிச்சம் கிடந்த இருபதைத்தான் தின்கிறது என்று எனக்குத் தெரியாது. இதைப் பிறகு மகன் ஒருநாள் சொல்ல வாயெடுத்தான். என் முகத்தைக் கண்டதும் பேச்சை மாற்றிவிட்டான்.

திடீரென்று எல்லாம் நின்றது. மெஷின் கீச்சென்று நீளமாகக் கத்தியது. அந்தச் சத்தத்துக்குள் அவருடைய இழுப்பும் கேட்டது.

"சிலிண்டர்" என்றார். சொன்ன பிறகுதான் அது மகனுடைய காரோடு பிறம்ரனில் நிற்கிறது என்று இரண்டு பேருக்கும் நினைவு வந்தது.

நான் போனை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்தார். "அம்புலன்ஸ் வேண்டாம்... சனம் பாக்கும்... கரண்ட் இப்ப வரும்."

"பாத்தால் பாக்கட்டும்" என்றேன். அவரை எதிர்த்து நான் பேசிய சொல் வாழ்க்கையில் அதிகம் இல்லை. அவசர நம்பரை அடித்து, தமிழில் கதைக்க ஆள் வேண்டும் என்பதற்கு "ரமில், ரமில்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு தமிழ்ப் பிள்ளையின் குரல் வந்தது. விலாசத்தைச் சொன்னேன். அவரைத் தலையணையில் நிமிர்த்தி வைத்து, சீலைத் தலைப்பால் விசிறினேன். உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. வாகனம் வரக் காணவில்லை. றோட்டு லைற்றெல்லாம் செத்து, சந்திகளில் கார்கள் முட்டிக்கொண்டு நின்றனவாம்.

பக்கத்து வீட்டாருக்கு ஒரு வணக்கம்கூடச் சொல்லக் கூசுகிற நான், மழைக்குள் ஓடி றோட்டின் நடுவில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றேன். வீட்டு வீட்டுக்குச் சனம் வெளியே வந்தது. அவரைத் தூக்கிக்கொண்டு போனபோது எல்லாரும் பார்த்தார்கள். அவர் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்தார். முகத்தில் போட்ட ஒட்சிசன் மூடிக்குள்ளால் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "மாப்பிள்ளை வீட்டுக்காரர் அறிஞ்சிட்டினமோ?"

"இல்லை" என்றேன். அதுவே அவர் கடைசியாகக் கேட்ட பதில்.

செத்தவீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டாரும் வந்தார்கள், பற்றரி பூட்டின தம்பியும் வந்தார். பெட்டிக்குள் கிடந்த அவருடைய கன்னங்களில் யாரோ என்னைவிட நன்றாகப் பவுடர் பூசியிருந்தார்கள். தம்பி என் பக்கத்துக் கதிரையில் வந்து குனிந்து உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது. நடந்ததை மகன் அவருக்குச் சொல்லியிருந்தான்.

"அன்ரி, ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் எண்பதை மிச்சம் விட்டிருப்பன். அங்கிள் ஏன் சொல்லேல்ல?"

நான் மருமகளைப் பார்த்தேன். அவள்தான் வாயைத் திறந்தாள். "சம்பந்தம் பேசிற நேரம் எண்டு..."

தம்பி திரும்பி மாப்பிள்ளை வீட்டார் இருந்த பக்கம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "மாப்பிள்ளையின்ர தாத்தாவும் உதே மெஷினிலதான் அக்கா. அவையின்ர பற்றரியும் நான்தான் பூட்டினது. நீங்கள் அறிஞ்சால் பிழை எண்டு அவையும் உங்களுக்குச் சொல்லேல்லயாக்கும்."

மருமகள் எழுந்து அவர் கிடந்த பெட்டியடிக்குப் போய் நின்றாள்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வந்த தம்பி, ஒருவரும் கேட்காமலே கராஜுக்குள் போய்ப் பற்றரிக்கு முன்னால் நின்று போனைத் தட்டிவிட்டு வந்தார். சாப்பிடச் சொன்னோம். தண்ணீர் மட்டும் குடித்தார்.

கலியாணத்துக்கு நாள் வைத்தாகிவிட்டது. பெட்டி உழைத்ததை அவர் பங்கென்று மகன் புறம்பாக எடுத்து வைத்திருக்கிறான். அவருடைய போன் குசினி மேசையில் கிடக்கிறது. அதை நிறுத்திவிட யாருக்கும் மனம் வரவில்லை. வெயில் நாளில் மணி அடிக்கும். நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தால் பேத்தி எடுத்துப் பார்ப்பாள்.

"இழுக்கிறதை ஸ்ரொப் பண்ணிட்டாங்கள் அப்பம்மா."

"எவ்வளவு மிச்சம் கிடக்குது பிள்ளை?"

"எய்ற்றி. எண்பது வீதம்."

"ஓம்" என்றுவிட்டுக் கையைக் கழுவப் போவேன்.