ஷோகேசுக்குள் ஒரு வெப்பமானி

எங்கள் பேஸ்மென்ற் ஷோகேசுக்குள், மகளின் கலியாணப் படத்துக்குப் பக்கத்தில், ஒரு சின்ன வட்ட வெப்பமானி ஒட்டியிருக்கிறது. கைக்கடிகாரத்தின் முகப்பளவுதான் இருக்கும். வருகிறவர்கள் படத்தைப் பார்த்து, மாப்பிள்ளை தாயைப் போலவா தகப்பனைப் போலவா என்று தீர்த்துவிட்டு, பிறகு கண்ணைச் சுருக்கிக் கேட்பார்கள்: “உதென்ன, ஷோகேசுக்குள்ள மணிக்கூடோ?” ஓம், ஓடாத மணிக்கூடு என்று ஒருமுறை பகிடியாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது அந்தப் பகிடியும் வாயில் வருவதில்லை. அதை அந்த இடத்தில் ஒட்டியவர் என் அக்கா.

கணவரைப் பிரிந்து, கனடாவில் ரூஜ் பகுதியிலுள்ள எங்கள் வீட்டின் பேஸ்மென்றுக்கு அக்கா வந்தபோது கொண்டுவந்தவை இரண்டு சூட்கேசும் இந்த ஷோகேசும்தான். இடுப்பளவு உயரம், ஆறடி நீளம், முன்னால் தள்ளித் திறக்கிற இரண்டு கண்ணாடிக் கதவுகள். கலியாணமான புதிதில், பிறக்கப்போகிற பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வெல்லும் கிண்ணங்களை அடுக்கவென்று வாங்கியது. மூன்று பிள்ளைகள் வயிற்றில் தங்கவில்லை. மூன்றாவது முறை மாமியார் ஆஸ்பத்திரிக் கட்டிலடியில் நின்று, “உவளின்ர கையில ஒண்டும் தங்காது” என்றாராம். அக்கா அதை மாமியாரின் குரலிலேயே நடித்துக் காட்டுவார். நாங்களும் சிரிப்போம். சிரித்துச் சொல்கிற ஆளுக்கு வலி ஆறிவிட்டது என்று நான் நம்பியிருந்தேன்.

அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்தார். அங்கே விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் வகுப்பறையில் ஒரு பாம்பை வளர்த்தார். பின்னேரங்களில் அந்த அறையைக் கூட்டும்போது அக்கா கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் நின்று அதனுடன் கதைப்பார். தமிழில்தான். இரண்டு வருடம் இப்படிப் போனது. ஆசிரியர் ஓய்வுபெற்று வேறு மாகாணத்துக்குப் போகப் புறப்பட்டபோது, “இது உங்களைத்தான் தேடும்” என்று சொல்லி, வீட்டில் வைத்து வளர்ப்பீர்களா என்று அக்காவைக் கேட்டிருக்கிறார். பிறகு அவரே திருத்தினாராம்: பாம்புக்கு ஒருவரையும் பிடிக்காது, சிலரைப் பொறுத்துக்கொள்ளும், அவ்வளவுதான் என்று. அக்கா வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிவிட்டு, “பொறுத்துக்கொண்டாக் காணாதே? என்ர கலியாணத்தில அதுவும் கிடைக்கேல்லை” என்றார்.

மலைப்பாம்பு வகை என்று தெரிந்ததும் என் மனைவி கதிரையை விட்டு எழும்பிவிட்டார். “மலைப்பாம்போ! ஆட்டை விழுங்கிறதோ மச்சாள்?” அக்கா முழங்கையிலிருந்து விரல்நுனிவரை தொட்டுக் காட்டி, “இதில ரெண்டு மடங்குதான் நீளம். ஒரு எலியை விழுங்கவே இவர் ஒரு கிழமை யோசிப்பார்” என்றார். எலிகளை உறையவைத்து விற்பார்கள் என்பதும், அவற்றை வைக்கக் குளிர்பெட்டி வேண்டுமென்பதும் அடுத்த வழக்கானது. மேல்மாடிக் குளிர்பெட்டிப் பக்கம் எலி வராது, கீழே தனக்கென்று ஒன்று வைத்துக்கொள்வேன் என்று அக்கா சத்தியம் செய்த பிறகுதான் மனைவி இறங்கி வந்தார். “வெள்ளிக்கிழமையில அதுக்கு மச்ச மாமிசம் குடுக்காதேங்கோ” என்ற ஒரு நிபந்தனையுடன்.

நான் சமையலறை அலுமாரி செய்கிற தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். ஷோகேசைப் பாம்புக்கு வீடாக்கலாம் என்று சொன்னது நான்தான். நடுத்தட்டைக் கழற்றினேன். பின்பலகையில் காற்றுக்கு வரிசையாகத் துளைபோட்டேன். மூலைகளையெல்லாம் சிலிக்கோன் பசையால் அடைத்தேன். அந்தப் பசையில் வினாகிரி மணம் வரும். அது முற்றாகப் போகும்வரை பாம்பைக் கொண்டுவரக்கூடாது என்பதால், அக்கா தினமும் வேலையால் வந்து சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் தலையை உள்ளே விட்டு மணந்து பார்ப்பார். “இன்னும் ஊறுகாய்ப் போத்தில்தான்” என்பார். அடியில் பரப்பத் தேங்காய்த் தும்பை அமுக்கிக் கட்டியாக விற்கிறார்கள். அதை வாளித் தண்ணீரில் போட்டதும் பொங்கி வழிந்தது. “தும்பைப் பெட்டியில அடைச்சுக் கனடாவரைக்கும் கொண்டுவந்திருக்கிறாங்களடா” என்று அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

ஒரு பக்கம் சூடாக இருக்கவேண்டும், மறுபக்கம் சற்றுக் குளிர்மை. சூட்டுப் பக்கத்தில் அடியில் ஒரு சூட்டுப் பாய், அதன் சூட்டை அளவோடு நிறுத்த ஒரு கருவி. ஒளிந்துகொள்ள இரண்டு மறைவிடம், பக்கத்துக்கு ஒன்று. வாய் உடைந்த இரண்டு மண்சட்டிகளைக் கவிழ்த்தோம். ஒன்று போதாதா என்று கேட்டேன். “காணாது. ஒண்டெண்டா, சூடு வேணுமோ ஒளிக்கிறது வேணுமோ எண்டு அது தெரிவுசெய்யவேணும். அப்பிடி ஒருத்தரையும் வைக்கக்கூடாது, தம்பி.” ஆசிரியரிடம் கேட்டதா, சொந்த அனுபவத்தில் சொன்னதா தெரியாது. அதன் பிறகு ஒரு கிழமை வெறும் ஷோகேசைச் சூடாக்கிப் பார்த்தார். காலையும் மாலையும் வெப்பமானியைப் பார்த்து ஒரு பள்ளிக் கொப்பியில் எழுதினார். வெறும் பெட்டிக்குள் அப்படி என்ன பார்க்கிறீர்கள் என்றால், “வாறவர் வரேக்கை வீடு ஆயத்தமாயிருக்கவேணும்” என்பார். அந்த ஷோகேஸ் எத்தனை வருடம் வெறுமையாக நின்றது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பாம்பு வந்தது. அதற்கு அக்கா வைத்த பெயர் சின்னவர். சின்னவர் இண்டைக்குத் தோல் கழட்டிப்போட்டார், சின்னவருக்கு மனமில்லை, சின்னவர் தண்ணிக்குள்ள இறங்கி இருக்கிறார் என்று எங்களுக்குத் தினமும் செய்தி வந்தது. மனைவியே நாளடைவில் படியில் நின்று, “என்னவாம் உங்கட சின்னவர்?” என்று கேட்கத் தொடங்கினார். அக்கா வேலையால் வந்து அதைக் கையில் எடுக்கும்போது, அது பந்தாய்ச் சுருண்டிருந்து மெதுவாகக் கட்டவிழ்ந்து மணிக்கட்டைச் சுற்றும். “பாரடா, இருக்குது” என்று ஒருநாள் என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். கையில் இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வருடம் மகளுக்குச் சம்பந்தம் பேசி ஸ்ரௌவ்வில்லில் இருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாகச் சொன்னார்கள். மார்ச் மாதம், இன்னும் பனி கரையாத ஒரு சனிக்கிழமை. வீட்டில் பாம்பு இருப்பது தெரிந்தால் என்ன சொல்வார்கள் என்று மனைவிக்கும் எனக்கும் நித்திரையில்லை. வருகிறவர்கள் பேஸ்மென்றையும் பார்ப்பார்கள். இந்த ஊரில் வீடு காட்டாமல் சம்பந்தம் பேசுவதில்லை. ஒருநாளைக்குச் சின்னவரைக் கராஜில் வைக்கலாமா என்று அக்காவிடம் கேட்டேன். அதோடு விட்டிருக்கலாம். “அக்கா, அண்டைக்கு உங்களுக்கு வேலை இருக்கோ?” என்றும் கேட்டேன். கணவரைப் பிரிந்தவர் முன்னுக்கு நிற்கவேண்டாம் என்பதை நான் இப்படிச் சொன்னேன். அக்கா “இல்லாட்டி வேலை எடுக்கிறன்” என்றார்.

சனி காலை கராஜில் ஒரு பிளாஸ்ரிக் பெட்டிக்குள் துவாய் விரித்து, சின்னவரை வைத்து, அடியில் சூட்டுப் பாயைப் போட்டு, கருவியின் வயரை ஒட்டுநாடாவால் ஒட்டி, எல்லாவற்றையும் இரண்டு தடவை சரிபார்த்தார். “இந்தப் பிளக்கை மட்டும் ஒருத்தரும் தொடக்கூடாது.” நான் பொறுப்பு என்றேன். அக்கா வேலைக்குப் போனார்.

எங்களில் பலருக்குக் கராஜ்தான் இரண்டாவது குசினி. எண்ணெய் மணம் சேலைகளில் ஏறக்கூடாதென்று அங்கேதான் நான் வடை சுட்டேன். புகை போகக் கராஜ் கதவைப் பாதி உயர்த்தியிருந்தேன். தேத்தண்ணிக்குப் பெரிய கேத்தில் கொதிக்கவேண்டும். அங்கிருந்தது ஒரேயொரு பிளக். பத்து நிமிடம்தானே என்று சூட்டுப் பாயைக் கழற்றிவிட்டுக் கேத்திலைப் போட்டேன். அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது. சொன்ன நேரத்துக்கு முன்பாகவே வந்துவிட்டார்கள். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினேன். கேத்திலை மனைவி வந்து தூக்கிக்கொண்டு போனார். பிளக்கைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் சிரித்தேன், வீட்டைச் சுற்றிக் காட்டினேன், ஷோகேசுக்கு முன்னால் நின்று, “இது புதுசாப் பெயின்ற் அடிக்க வெறுமையாக்கினது” என்றுகூடச் சொன்னேன். நாலு மணித்தியாலம் கழித்து அவர்களை வழியனுப்பிவிட்டுத் திரும்பும்போதுதான் பாதி திறந்திருந்த கதவைக் கண்டேன்.

பெட்டிக்குள் கைவைத்தேன். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கத்தரிக்காய் போல இருந்தது. உயிர் இருந்தது, அசைவில்லை. கதவை இறக்கிப் பிளக்கைப் போட்டேன். அக்கா வந்து சேர்ந்தபோது பெட்டி சூடாக இருந்தது. “எல்லாம் சரியோடா?” “ஓம் அக்கா, ஒரு பிரச்சினையுமில்லை.” அவர் கேட்டது சின்னவரைப் பற்றியா, சம்பந்தத்தைப் பற்றியா என்று யோசித்து, இரண்டுக்கும் ஒரே பதிலைச் சொன்னதாக என்னை நான் சமாளித்துக்கொண்டேன்.

இரண்டு கிழமையில் சின்னவர் வாயைத் திறந்து மூச்சுவிடத் தொடங்கினார். வாயோரத்தில் நுரை. பிக்கரிங்கில் பாம்பு பார்க்கிற மிருக வைத்தியர் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அக்காவுக்கு ஆங்கிலம் அந்தளவுக்கு ஓடாது. எங்கே போனாலும் அவருக்கு மொழிபெயர்ப்பது நான்தான். வைத்தியர், கடும் குளிர் பட்டிருக்கிறது, எப்படி நடந்தது என்று கேட்டார். நான் அதைத் தமிழில் சொன்னேன். அக்கா தலையைக் குனிந்து, “நான்தான் அந்த வயரைப் பிழையா ஒட்டிப்போட்டன் போல. என்னிலதான் பிழை எண்டு சொல்லடா” என்றார். வைத்தியர் என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். நான் அக்கா சொன்னதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு சொல்லும் பிசகவில்லை. என் வாழ்நாளில் நான் செய்த மிகச் சரியான மொழிபெயர்ப்பு அதுதான்.

மருந்து தந்தார்கள். சின்னவர் ஒன்பதாம் நாள் போய்விட்டார். அக்கா தும்பை அள்ளி, சட்டிகளைக் கழுவி, ஷோகேசைத் துடைத்தார். வெப்பமானி மட்டும் கழன்று வரவில்லை. “மாமி சரியாத்தான் சொன்னவ” என்றார். இம்முறை மாமியாரின் குரலில் அல்ல, தன் சொந்தக் குரலில். நான் பக்கத்தில் நின்று குப்பைப் பையை விரித்துப் பிடித்தேன். கலியாணம் ஒப்பேறியது. அக்கா வேலைத்தோழி ஒருவரின் வீட்டில் அறை எடுத்துப் போனார். மனைவி ஷோகேசில் கலியாணப் படங்களை அடுக்கினார். ஒருநாள் மருமகன் படங்களுக்கு நடுவே வெப்பமானியைக் கண்டு விசாரித்தான். பாம்பு இருந்ததென்று மகள் சொன்னதும், “சீரியஸ்லி அங்கிள்? எனக்குச் சின்ன வயசில இருந்து பாம்பு வளர்க்க ஆசை. அம்மாவும் ஓம் எண்டுதான் சொன்னவா, அப்பார்ட்மென்ற்லதான் விடேல்லை. ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?” என்றான். கோபிக்கக்கூட எனக்கு ஆள் இல்லாமல் போனது.

போன மாதம் பேரன் பிறந்து முப்பத்தோராம் நாள் சடங்கு. அக்காவும் வந்திருந்தார். மகள் பிள்ளையைக் கொண்டுபோய், “மாமி, பிடியுங்கோ” என்று நீட்டினாள். அக்கா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். “வேண்டாம் பிள்ளை, என்ர கை வேண்டாம்.” மகள் விளங்காமல் என்னைப் பார்த்தாள். “மாமிக்குத் தோள் நோகுது” என்றேன். மறுபடியும் அக்காவுக்காக நான் பேசினேன்.

பின்னேரம் அக்காவைக் காரில் கொண்டுபோய் விடும்போது சொன்னேன். பிளக், கேத்தில், கதவு, நாலு மணித்தியாலம், எல்லாம். அக்கா கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி இருந்தார். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன், ஏசினால் நல்லது என்றுகூட நினைத்தேன். அவருடைய வாசலில் காரை நிறுத்தியதும் கதவைத் திறந்து, ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு சொன்னார்: “காலமை சொல்லியிருந்தா, பிள்ளையைத் தூக்கியிருப்பன்.”

அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. தொலைபேசி எடுத்தால் பிள்ளை சுகமோ என்று மட்டும் கேட்பார். நேற்று மனைவி படங்களைத் துடைத்துக்கொண்டு, “உதைச் சுரண்டி எறியுங்கோவன், அசிங்கமாக் கிடக்கு” என்றார். சுரண்டக் கத்தி எடுத்துக்கொண்டு கீழே போனேன். கண்ணாடிக் கதவைத் தள்ளிக் குனிந்து பார்த்தேன். முள் பத்தொன்பதில் நின்றது. முப்பத்தொன்றில் நிற்கவேண்டும் என்று அக்கா கொப்பியில் கோடிட்டு எழுதியிருந்தது நினைவுக்கு வந்தது. கதவை மூடிவிட்டு, கத்தியோடு மேலே வந்தேன்.