டெட்டோல் வாசத்தோடு போன சாம்பிள்

மக்காவுக்குப் போய் உம்ரா முடித்து வந்த அன்று, விமான நிலையத்திலிருந்து மாத்தளை வருவதற்குள் வேனை வழிநெடுக நிறுத்த வேண்டியதாயிற்று. முதலில் வயிறு முறுக்கியது, பிறகு தண்ணீராகப் போனது. வீட்டுக்கு வந்ததும் காய்ச்சல். கல்யாண வீடுகளுக்குப் புரியாணி சமைப்பவன் நான். என் பானைகளைப் பார்க்கவே குமட்டியது.

ஜீவனி (நீரிழப்புக்குக் குடிக்கும் உப்புச் சீனிக் கரைசல்) குடித்தே தேறிவிட்டேன். ஆனால் என் தொழிலைக் கேட்டதும் டாக்டர் கல்ச்சர் (மலத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எழுதி, சாம்பிள் எடுத்துக் கொடுக்க ஒரு போத்தலும் தந்தார்.

"வயித்தோட்டம் நின்னாலும் கிருமி உள்ளுக்கு இருக்கலாம், நாநா. ரிப்போர்ட் வர்ற வரைக்கும் யாருக்கும் சமைக்காதீங்க."

"மகள்ட கல்யாணம் வருது டாக்டர். புரியாணி நான்தான்."

"அதனாலதான் சொல்றேன்."

எனக்கு எரிச்சலாக வந்தது. அவள் பிறந்த நாளிலிருந்து மனதுக்குள் சமைத்து வைத்திருந்த விருந்து அது.

நோய்க்கிருமி எதுவும் வளரவில்லை என்று ரிப்போர்ட் வந்தது. அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொண்டு அரிசிக்குச் சொல்லக் கிளம்பினேன்.

"நான் கழுவிக் குடுத்தது நல்லதாப் போச்சு," என்றாள் மனைவி.

"எதைக் கழுவின?"

"அந்தப் போத்தலைத்தான். டெட்டோல் போட்டு. நாத்தம் வரக்கூடாதுன்னு உள்ளுக்கும் கொஞ்சம் விட்டேன். லெப்ல இருக்கிற புள்ளைங்க மூக்கைப் பொத்தினா நமக்குத்தானே வெட்கம்?"

அட அல்லாஹ்வே! கிருமியைத் தேடும் போத்தலில் கிருமிநாசினி. சிரிப்பதா, கத்துவதா என்று தெரியவில்லை. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மறுநாள் மனமேயில்லாமல் டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, புதுப் போத்தல் ஒன்று தந்தார். இம்முறை சல்மொனெல்லா (குடலைத் தாக்கும் ஒரு பாக்டீரியா) வளர்ந்திருந்தது.

நீங்களும் அப்படியொரு போத்தலோடு நிற்பவரானால், கழுவாதீர்கள், வாசனை சேர்க்காதீர்கள். உள்ளதை உள்ளபடி சீக்கிரம் கொண்டுபோய்க் கொடுங்கள். அங்கே இருப்பவர்களுக்கு அதுதான் வேலை.

கல்யாண நாள் வந்தும் கிருமி என் உடம்பை விட்டுப் போகவில்லை. கலேவெலவிலிருந்து வேறொருவர் வந்து சமைத்தார். வெந்த அரிசியின் வாசம் வரும்போதெல்லாம் கால் தானாக எழுந்தது, அடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். சஹன் (பலர் சுற்றியிருந்து உண்ணும் பெருந்தட்டு) வந்தபோது எனக்கு மட்டும் தனித் தட்டு. அழுதுவிடுவேன் என்று நினைத்தேன்.

கல்யாண உடுப்போடு மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சோறு எப்பிடி வாப்பா?"

"உப்பு கொஞ்சம் காணாது."

"கல்யாண ஊட்டுல நீங்க இருந்து சாப்பிடுறதை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்," என்றாள்.

ஒரு கல்யாணப் பகல் அவ்வளவு நீளமானது என்று எனக்கு அதுவரை தெரியாது. செய்வதற்கு ஒன்றுமில்லாத கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.